வெள்ளியும் அடிமையும்: தாலந்து உவமையைக் கிரேக்கத்தில் வாசித்தல்

மத்தேயு நற்செய்தியின் 25ஆம் அதிகாரத்தில் வரும் தாலந்து உவமையைப் போல யாழ்ப்பாணத்துத் தேவாலயங்களில் அடிக்கடி பிரசங்கிக்கப்படும் பகுதிகள் அதிகமில்லை. பாடசாலைப் பரிசளிப்பு விழா, ஞாயிறு பாடசாலை ஆண்டு நிறைவு, வாலிபர் கூட்டம் என்று எங்கு போனாலும் அது ஒரே பொருளில்தான் விளக்கப்படுகிறது: கடவுள் ஒவ்வொருவருக்கும் ஒரு திறமை தந்திருக்கிறார், அதைப் பயன்படுத்த வேண்டும், புதைத்து வைக்கக் கூடாது. பிள்ளையின் பாட்டையும் பேச்சையும் ‘தாலந்து’ என்று சொல்வது கிறிஸ்தவத் தமிழில் இன்று இயல்பாகிவிட்டது. இந்த விளக்கம் நல்ல நோக்கமுடையது. பலரை ஊக்கப்படுத்தியும் இருக்கிறது. ஆனாலும் உவமையின் கிரேக்க மூலத்தைச் சொல் சொல்லாகப் பார்த்தால் அதில் பேசப்படுவது வேறோர் உலகம். பயணம் புறப்படும் எசமான் ஒருவன் அங்கே விட்டுச் செல்லும் மூவரும் அடிமைகள். அவர்கள் கையில் ஒப்படைக்கப்படுவது வெள்ளி. விசாரிக்கப்படுவது சோம்பலைக் காட்டிலும் பயம். அடிமையும் ஒற்றியும் வட்டியும் சட்டமாகவே எழுதப்பட்டிருந்த குடாநாடு இது. அந்த உலகத்தை வாசிப்பதற்கு வேண்டிய நினைவு இங்கே இருக்கிறது. அதை நாம் இந்த உவமைக்கு முன்னால் கொண்டுவரவில்லை என்பதே என் வாதம்.

குடாநாட்டில் மூல மொழியை நோக்கிய கேள்வி புதிதல்ல. ஒல்லாந்தர் காலத்தில் கொழும்பில் பிறந்து யாழ்ப்பாணத்தில் குருவாகப் பணியாற்றிய பிலிப்பு தெ மெல்லோ கிரேக்கத்திலிருந்து பெயர்த்த தமிழ்ப் புதிய ஏற்பாடு 1759இல் கொழும்பில் அச்சானது. அதற்கு ஏறக்குறைய ஒரு நூற்றாண்டின் பின், 1840களில், யாழ்ப்பாணத்து வெஸ்லியன் பாடசாலையின் தலைவரான பீற்றர் பேர்சிவல் வேதாகம மொழிபெயர்ப்பை முன்னின்று நடத்தினார். அவருக்குத் தமிழ் நடை அமைத்துத் துணை நின்றவர் அவருடைய மாணவராயிருந்து அதே பாடசாலையில் ஆசிரியரான நல்லூர் ஆறுமுகம்; பின்னாளில் சைவ மறுமலர்ச்சியின் தலைவராக நாவலர் என்று நாம் அறிகிறவர். அந்த வேதாகமம் 1850இல் சென்னையில் அச்சேறியது. தென்னிந்திய மிஷன்கள் அதை ஏற்கவில்லை. ஹென்றி பவர் தலைமையில் புதிய திருத்தம் தொடங்கி 1871இல் ஐக்கிய மொழிபெயர்ப்பாக வெளிவந்தது. இன்றைக்கும் பெரும்பாலான புரட்டஸ்தாந்து வீடுகளில் ஓதப்படுவது அதுதான். மொழிபெயர்ப்பாளர்கள் சொல்லுக்காக இவ்வளவு போராடிய ஒரு மரபின் வாரிசுகள் நாம். அவர்கள் எடுத்த முடிவுகளை மறுபடி பார்ப்பது அவர்களுக்குச் செய்யும் அவமரியாதை ஆகாது.

முதலில் ‘தாலந்து’. இது தமிழாக்கப்படாத சொல். கிரேக்கத்தின் ‘தாலன்டொன்’ தமிழ் எழுத்தில் அப்படியே நிற்கிறது. தாலன்டொன் என்பது ஒரு நிறை. பிறகு அந்த நிறையுள்ள வெள்ளியின் பெறுமதி. அற்றிக்க அளவில் அது சுமார் 26 கிலோ. பெறுமதியில் 6,000 திராக்மா. உரோமத் தெனாரியம் திராக்மாவுக்கு ஏறக்குறைய ஈடானது. ஒரு தெனாரியம் ஒரு கூலியாளின் நாட்சம்பளம் என்று இதே மத்தேயுவின் 20ஆம் அதிகாரத்துத் திராட்சைத் தோட்ட உவமை காட்டுகிறது. ஆண்டுக்கு 300 நாள் வேலை என்று வைத்துக்கொண்டால் ஒரு தாலந்து இருபது வருடக் கூலி. ஐந்து தாலந்து நூறு வருடக் கூலி. ‘ஒரே ஒரு தாலந்து பெற்ற எளியவர்’ என்று நாம் பரிதாபப்படும் மூன்றாமவன் கையில் இருந்தது ஒரு கூலிக்காரன் வாழ்நாளில் சேர்த்துப் பார்க்க முடியாத தொகை. இது வெள்ளி என்பதில் ஐயத்துக்கு இடமில்லை. 18ஆம், 27ஆம் வசனங்களில் அதே பொருளை மத்தேயு ‘அர்கூரியொன்’, அதாவது வெள்ளிக்காசு, என்று சொல்கிறார். தமிழிலும் அங்கே ‘பணம்’ என்றே வருகிறது. அதைவிடத் தெளிவான சான்று 15ஆம் வசனத்தில் இருக்கிறது. எசமான் ஒவ்வொருவனுக்கும் அவனவன் ‘டூனமிஸ்’க்கு ஏற்பக் கொடுத்தான். டூனமிஸ் என்றால் ஆற்றல், திறமை. தமிழ் வேதாகமங்களும் ‘திறமை’ என்றே பெயர்த்திருக்கின்றன. திறமையை அளந்து பார்த்துத்தான் தாலந்து கொடுக்கப்பட்டது. அப்படியானால் தாலந்தே திறமையாக இருக்க முடியாது. இந்த ஒரு வசனத்தைப் பொறுமையாக வாசித்தாலே போதும். கிரேக்கம் தெரிய வேண்டியதுகூட இல்லை. ஐரோப்பிய மொழிகளில் இந்த உவமைக்குச் சொன்ன விளக்கத்திலிருந்து அந்தச் சொல்லுக்குத் ‘திறமை’ என்ற பொருள் பிறந்தது. ஆங்கிலப் படிப்பின் வழியே அந்தப் பொருள் நமது ‘தாலந்து’க்குள் வந்து குடியேறியது. உவமைக்குப் பிறந்த பொருளைக் கொண்டு உவமையை விளக்குகிறோம்.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. 4ஆம் நூற்றாண்டின் இறுதியில் அந்தியோக்கியாவில் மத்தேயுவுக்குத் தொடர் பிரசங்கம் செய்த யோவான் கிறிசோஸ்தம், தாலந்து என்பது ஒவ்வொருவரிடமும் உள்ள ஆற்றல் என்றே விளக்கினார். கிரேக்கம் அவருடைய தாய்மொழி. அவருக்குத் தெரியாத கிரேக்கமா நமக்குத் தெரிந்துவிட்டது? கேள்வி நியாயமானது. ஆனால் கிறிசோஸ்தம் என்ன சொன்னார் என்பதை முழுதாகப் பார்க்க வேண்டும். அவர் அந்த ஆற்றலுக்குள் பிறருக்குப் பாதுகாப்புக் கொடுக்கும் வலிமையையும் செல்வத்தையும் போதனையையும் சேர்த்தே எண்ணினார். அவை அயலானின் நன்மைக்குச் செலவாக வேண்டும் என்பதே அவர் வற்புறுத்தியது. அவருடைய சபையார் கடைத்தெருவில் தாலன்டொன் என்ற சொல்லைப் பணமாகக் கேட்டுப் பழகியவர்கள். பணத்தைச் சொல்லி ஆற்றலைக் குறிக்கிறார் என்பது அவர்களுக்கு உடனே விளங்கியிருக்கும். உவமையின் இரு பக்கமும் அவர்கள் காதில் விழுந்தன. தமிழ் வாசகருக்கு ஒரு பக்கம் மட்டுமே கேட்கிறது. நமக்குத் தாலந்து என்ற நிறையும் இல்லை, நாணயமும் இல்லை. பயன்பாடு மட்டும் மிஞ்சி, கதை கரைந்துபோனது.

இரண்டாவது சொல் என்னை அதிகம் உறுத்துவது: ‘டூலொஸ்’. கிரேக்கத்தில் இதன் பொருள் அடிமை. சம்பளத்துக்கு வேலை செய்பவனுக்கு ‘மிஸ்தியொஸ்’, ‘மிஸ்தோதொஸ்’ போன்ற வேறு சொற்கள் உண்டு. மத்தேயு 25:14 எசமான் ‘தனக்குச் சொந்தமான’ டூலொஸ்களை அழைத்தான் என்று உடைமையை அழுத்தியே சொல்கிறது. ஐக்கிய மொழிபெயர்ப்பு இங்கே ‘ஊழியக்காரர்’ என்றது. 1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியம் ‘பணியாளர்’ என்றது. அடிமை என்ற தமிழ்ச்சொல் மொழிபெயர்ப்பாளர் கைக்கு எட்டாமல் இருந்ததில்லை. பிலிப்பியர் 2:7இல் கிறிஸ்து எடுத்த கோலத்துக்கும், கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தின் 7ஆம் அதிகாரத்துக்கும் அதே ஐக்கிய மொழிபெயர்ப்பு ‘அடிமை’ என்ற சொல்லைத்தான் ஆள்கிறது. ‘ஊழியம்’ என்ற சொல்லுக்கும் குடாநாட்டில் ஒரு சரித்திரம் இருக்கிறது. ஒல்லாந்தர் ஆட்சியில் கும்பனிக்குச் செய்ய வேண்டிய கட்டாய வேலைக்கு அதுவே பெயர். அந்தப் பாரம் இருந்த காலத்தில் ‘ஊழியக்காரன்’ என்றால் கேட்பவன் மனதில் நிர்ப்பந்தம் தோன்றியிருக்கும். பின்னர் ஊழியம் திருப்பணியாகி, ஊழியக்காரர் என்றால் போதகர் என்று ஆயிற்று. சொல் உயர்ந்தது, அதோடு உவமையிலிருந்த அடிமை மறைந்தான். இன்று இப்பகுதியை வாசிக்கக் கேட்கும் ஒருவருக்குத் தோன்றுவது சபை ஊழியரும் அவரது திறமையும்.

இதை யாழ்ப்பாணத்தில் வைத்துப் பார்க்கும்போது இன்னும் கனக்கிறது. கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்து 1707இல் ஒல்லாந்த அரசு நடைமுறைப்படுத்திய குடாநாட்டு வழக்கச் சட்டமான தேசவழமையில் சொத்துரிமைக்கும் ஒற்றிக்கும் வட்டிக்கடனுக்கும் விதிகள் இருப்பதுபோல எசமானுக்கும் அடிமைக்கும் உள்ள உறவுக்கும் விதிகள் உண்டு. அடிமைகள் யார் என்பது சாதிப் பெயர் சொல்லியே எழுதப்பட்டிருக்கிறது. இலங்கையில் அடிமைமுறை சட்டப்படி முற்றாக ஒழிக்கப்பட்டது 1844இல். பேர்சிவலும் ஆறுமுகமும் வேதாகமத்தைத் தமிழாக்கிய அதே பத்தாண்டு அது. அடிமையாகப் பிறந்து அப்போதுதான் விடுதலை பெற்றவர்கள் மொழிபெயர்ப்பு நடந்த இடத்துக்குக் கூப்பிடு தூரத்தில் வாழ்ந்திருப்பார்கள். சட்டம் ஒழித்த பின்னும் குடிமை–அடிமை என்ற பேச்சு ஊரில் ஒழியவில்லை. கிணறு, கோயில், தேநீர்க்கடை என்று அடுத்த நூற்றாண்டிலும் அது தொடர்ந்தது. தேவாலயத்தின் இருக்கைகளும் அதற்கு விலக்காக இருக்கவில்லை. இப்படிப்பட்ட ஊரில் ‘எசமானே, நீர் கடினமானவர், விதைக்காத இடத்தில் அறுக்கிறவர்’ என்று ஓர் அடிமை முகத்துக்கு நேரே சொல்லும் உவமை எப்படிக் கேட்டிருக்க வேண்டும்! ஒரு வேறுபாட்டை மட்டும் மறைக்கக் கூடாது. உரோமப் பேரரசின் பெரிய வீடுகளில் அடிமைகள் கணக்கு எழுதினார்கள், கடை நடத்தினார்கள், எசமானின் முதலைக் கையாண்டார்கள். குடாநாட்டு அடிமைமுறை பெரிதும் வயலையும் வீட்டையும் சார்ந்தது. இரண்டையும் ஒன்றாக்கிவிட்டால் கதையின் வணிகம் புரியாமல் போகும். ஆனால் உழைப்பின் பலன் சட்டப்படி இன்னொருவனுக்குரியது என்ற அடிப்படை இரண்டுக்கும் பொது. மூன்றாமவன் குற்றம் சாட்டுவதும் அதைத்தான்.

இனி அவன் செய்த காரியம். நிலத்தைத் தோண்டி எசமானின் வெள்ளியை மறைத்து வைத்தான். இதைக் கேட்டவுடன் நாம் அவனைச் சோம்பேறியாக்கிவிடுகிறோம். முதல் நூற்றாண்டுக் கேட்போர் அப்படி நினைத்திருக்க மாட்டார்கள். பிறர் பணத்தைக் காவல் செய்வதற்கு நிலத்தில் புதைப்பதே சரியான வழி என்று சாமுவேல் என்ற யூத ரபி தீர்ப்புச் சொன்னதாகப் பாபிலோனிய தல்மூதின் பாவா மெட்சியா பகுதி பதிவு செய்திருக்கிறது. அது உவமைக்குப் பிந்திய பதிவு. என்றாலும் அந்த வழக்கத்தின் நியாயம் பழையது. நமக்கோ இதற்கு நூல் சான்றே வேண்டாம். 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமம் ஒரேயடியாக வெளியேறியபோதும் அதற்கு முன்னும் பின்னுமான இடப்பெயர்வுகளிலும் நகையையும் வெண்கலப் பாத்திரத்தையும் வளவுக்குள் தாட்டுவிட்டுப் போனவர்களின் மண் இது. அவர்களில் ஒருவரையும் யாரும் சோம்பேறி என்று சொல்லத் துணிய மாட்டார்கள். புதைப்பது, பயந்த காலத்தில் பொறுப்புள்ளவன் செய்கிற காரியம். மூன்றாமவன் திருடவில்லை, நிறை குறையாமல் திருப்பிக் கொடுத்தான், ‘இதோ உம்முடையது உம்மிடம்’ என்று கணக்கு முடிக்கும் பேச்சும் அவனிடம் இருக்கிறது. எசமான் சொல்லும் மாற்று வழிதான் யூதக் காதுக்கு உறுத்தலாக இருந்திருக்கும். ‘ட்ரபெஸிடேஸ்’, அதாவது மேசை போட்டுக் காசு மாற்றிக் கடன் கொடுக்கிறவர்களிடம், போட்டிருந்தால் ‘டொகொஸ்’ஓடு, வட்டியோடு, பெற்றிருப்பேனே என்கிறான். இஸ்ரவேலர் தங்களுக்குள் வட்டி வாங்கக் கூடாது என்று யாத்திராகமம், லேவியராகமம், உபாகமம் மூன்றும் தடுக்கின்றன. ஆகவே உவமை மூன்றாமவனை எளிதில் கண்டிக்கத்தக்கவனாக அமைக்கவில்லை. ஊரார் மெச்சக்கூடிய ஒருவனை நிறுத்தி, அவனிடத்தில் என்ன பிழை என்று நம்மைத் தேட வைக்கிறது.

அந்தப் பிழையின் பெயர் 26ஆம் வசனத்தில் இருக்கிறது: ‘ஒக்னேரொஸ்’. தமிழ் வேதாகமங்கள் சோம்பன், சோம்பேறி என்கின்றன. இதன் வினைச்சொல்லுக்குப் பின்வாங்குவது, தயங்குவது என்று பொருள்; அப்போஸ்தலர் நடபடிகள் 9:38இல் தாமதிக்காமல் வரும்படி பேதுருவை அழைப்பது அதே வினையால்தான். இந்த இடத்தில் அவசரப்பட்டு மொழிபெயர்ப்பாளர்களைக் குறை சொல்லிவிடக் கூடாது. நீதிமொழிகளின் பழைய கிரேக்கப் பெயர்ப்பில் எறும்பிடம் போய்ப் பார் என்று அனுப்பப்படும் சோம்பேறியும் ஒக்னேரொஸ்தான். ஆக, சொல்லின் எல்லைக்குள் சோம்பலும் இருக்கிறது. ஆனால் அதே நீதிமொழிகளில் அந்த ஒக்னேரொஸ், வழியில் சிங்கம் நிற்கிறது என்று சாக்குச் சொல்லி வீட்டுக்குள் இருந்துவிடுகிறான். பயத்தைக் காரணம் காட்டிக் காரியத்தைத் தள்ளிவைப்பவன் என்ற சாயல் அங்கேயே உண்டு. மூன்றாமவன் வாயில் வரும் காரணமும் ‘பயந்து’ என்பதே. இன்னொரு சிறு சான்று இதை உறுதிசெய்கிறது. ‘எவ்தெயோஸ்’, உடனே, என்ற சொல்லைப் பழைய தமிழ் மொழிபெயர்ப்பு எசமானின் பயணத்தோடு சேர்த்திருக்கிறது: அவன் உடனே புறப்பட்டுப் போனான். அக்காலத்து அச்சுக் கிரேக்கப் பாடம் அப்படித்தான் இருந்தது. பழைமையான கைப்பிரதிகளைப் பின்பற்றும் இன்றைய பதிப்புகளில் அந்தச் சொல் அடுத்த வாக்கியத்தின் தலையில் நிற்கிறது: உடனே போய், ஐந்து பெற்றவன் தொழில் தொடங்கினான். இந்த ஒரு மாற்றத்தில் உவமையின் எதிர்நிலை தெரிந்துவிடுகிறது. ஒருவன் உடனே போகிறான், ஒருவன் தயங்குகிறான். தயக்கம் என்று பெயர்த்தால், அவன் ஏன் தயங்கினான் என்ற கேள்வி திறக்கும். சோம்பல் என்று பெயர்த்துவிட்டால் அந்தக் கேள்வியே எழாது.

அவன் தயங்கியதற்குக் காரணம் எசமானைப் பற்றி அவன் வைத்திருந்த படம். ‘ஸ்க்லேரொஸ்’ என்று அவரைச் சொல்கிறான்: கடினமானவர், ஈரமில்லாதவர். பழைய ஏற்பாட்டின் கிரேக்கப் பெயர்ப்பில் இந்தச் சொல் எங்கெங்கே வருகிறது என்று பார்த்தால் அதன் கடுமை தெரியும். எகிப்தில் இஸ்ரவேலரைக் கசக்கிப் பிழிந்த வேலை ‘ஸ்க்லேரொஸ்’; தாவீதுக்கு ரொட்டி கொடுக்க மறுத்த நாபால் ‘ஸ்க்லேரொஸ்’; ஏசாயா 19இல் எகிப்தின் மீது வரப்போகும் கொடிய எசமானர்களும் அப்படியே. மூன்றாமவன் தன் எசமானைப் பார்வோன் வரிசையில் வைக்கிறான். 1990களிலிருந்து சில அறிஞர்கள், குறிப்பாக வில்லியம் ஹெர்ட்ஸொக், அவன் சொன்னது உண்மையே என்று வாதிக்கிறார்கள்: எசமான் சுரண்டுகிற பெருநிலக்காரன், அவன் பணத்தைப் பெருக்க மறுத்த அடிமையே கதாநாயகன். அடிமைமுறையின் சரித்திரம் உள்ள ஊரில் இந்த வாசிப்பை உதறிவிட முடியாது, உதறவும் கூடாது. மூன்றாமவனுக்கு வந்த தண்டனை ஆதித் திருச்சபையையே சங்கடப்படுத்தியிருக்கிறது. எபிரெய எழுத்தில் இருந்த ஒரு நற்செய்தியில் தாலந்தை மறைத்தவனைத் தவிர்த்து, சொத்தை வேசிகளோடு அழித்த ஒருவனே கடுமையாகத் தண்டிக்கப்பட்டான் என்று 4ஆம் நூற்றாண்டில் எவுசேபியு எழுதுகிறார். ஆனாலும் மத்தேயு தரும் வாசகம் முழுதாக அந்தப் பக்கம் சாயவில்லை. பார்வோன் வைக்கோலையே கொடுக்காமல் செங்கல் கேட்டவன். இந்த எசமான் வாழ்நாள் கூலியை அளந்து கொடுத்துவிட்டுக் கண்காணியும் வைக்காமல் போகிறவன். திரும்பி வந்தபோது இலாபத்தைப் பறித்ததாகச் சொல்லப்படவில்லை; 28ஆம் வசனத்தில் முதலாமவன் ‘பத்துத் தாலந்து உள்ளவன்’ என்றே அழைக்கப்படுகிறான். அடிமையை எசமானின் மகிழ்ச்சிக்குள் நுழைய அழைப்பது எந்த எகிப்திலும் நடக்காதது. இது எதுவும் மூன்றாமவனை வெளியே தள்ளும் வசனம் 30இன் இருளை இலேசாக்கிவிடாது. ஆனால் எசமானைப் பற்றிய அவனுடைய தீர்ப்பு கதையின் நிகழ்வுகளோடு பொருந்தவில்லை என்பதைக் காட்டப் போதும். அடுத்து வரும் செம்மறி–வெள்ளாட்டுக் காட்சியில் கணக்குக் கேட்கப்படுவது பசித்தவன், அந்நியன், சிறைப்பட்டவன் பற்றி. வெள்ளி எங்கே ஓடியிருக்க வேண்டும் என்பதற்கு மத்தேயுவே தரும் விளக்கமாக அதை வாசிக்கலாம்.

இயேசு பேசியது அரமேயம். கிரேக்கமே ஒரு மொழிபெயர்ப்புத்தானே, அதன் சொற்களில் இவ்வளவு தொங்குவானேன் என்று கேட்பவர்கள் உண்டு. நம் கையில் இருப்பது கிரேக்கப் பாடம் ஒன்றுதான் என்பது முதல் பதில். மேலே பார்த்த சொற்களுக்கு அரமேயத்திலும் விடை மாறாது என்பது இரண்டாவது: தாலன்டொனுக்கு நிகரான ‘கிக்கர்’ என்பதும் நிறைதான், டூலொஸுக்கு நிகரான ‘அப்தா’வும் அடிமைதான். வேர்ச்சொல்லைத் தோண்டுவது ஆபத்து என்று எச்சரிப்பவர்களோடு நான் முழுதும் உடன்படுகிறேன். டொகொஸ் என்பதற்கு ஈன்ற குட்டி என்று பழம்பொருள் உண்டு. அதை வைத்து மேடையில் பெரிய தத்துவம் கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். வட்டி குட்டி போடுகிறது என்று நாம் சொல்லும்போது யார் மனதிலும் ஆடு வருவதில்லை; அவர்களுக்கும் அப்படியே. வேரை விட்டு வழக்கைப் பார்க்க வேண்டும்: அந்தக் காலத்தில், அந்த நூலில், பக்கத்து வசனத்தில் அந்தச் சொல் என்ன வேலை செய்கிறது? கிரேக்கம் அறிந்தவர் அறியாதவரை அடக்கும் ஆயுதமாக இது ஆகிவிடுமே என்ற கவலையும் நேர்மையானது. ஆனால் இங்கே கண்டவற்றில் பாதியைத் தமிழ் வேதாகமத்தை வைத்துக்கொண்டே சரிபார்க்கலாம். திறமையும் தாலந்தும் ஒரே வசனத்தில் வெவ்வேறாக நிற்பதை வீட்டில் வேதம் வாசிக்கும் எவரும் காணலாம்.

தமிழில் மறுபடி பெயர்ப்பதானால் ‘அடிமை’, ‘வெள்ளி’ என்ற சொற்களைத் தயங்காமல் போடலாம். ‘தயங்கியவனே’ என்பதைக் குறைந்தது அடிக்குறிப்பிலாவது தரலாம். ஓரிடத்தில் மட்டும் பழைய தமிழைத் தொட வேண்டியதில்லை. மூன்றாமவனுக்கு எசமான் பதில் சொல்லும்போது அவன் சொன்னதைத் திருப்பிச் சொல்கிறார். ‘கடினமானவர்’ என்ற சொல்லை மாத்திரம் எடுத்துச் சொல்லவில்லை. நான் அப்படிப்பட்டவன் என்று அறிந்திருந்தாய் என்பது ஒப்புதலா, அப்படியா அறிந்திருந்தாய் என்ற கேள்வியா? பழைய கைப்பிரதிகளில் கேள்விக்குறி கிடையாது. கிரேக்க வினை இரண்டுக்கும் இடம் கொடுக்கிறது. ஐக்கிய மொழிபெயர்ப்பு இங்கே ‘அறிந்திருந்தாயே’ என்று ஏகாரத்தில் முடித்திருக்கிறது. ஏகாரத்துக்குத் தேற்றமும் உண்டு, வினாவும் உண்டு என்று தொல்காப்பியமும் நன்னூலும் சொல்கின்றன. கிரேக்கம் தீர்க்காமல் விட்டதைத் தமிழும் தீர்க்காமலே வைத்திருக்கிறது. எந்தத் தொனியில் வாசிப்பது என்பதை ஞாயிறு காலையில் அந்த வசனத்தை ஓத நிற்பவர்தான் முடிவு செய்ய வேண்டும்.